மலைக்குப் பெயர் வைத்தவர்கள்: ஃபின்ஸ்டராஹோர்னும் அயற் சிகரங்களும்

புவியியல் ஆசிரியர் லீவு போட்ட ஒரு நாளில், தமிழ் படிப்பிக்கிற என்னை அவருடைய பாடவேளைக்குப் பதிலாக அனுப்பினார்கள். ஒன்பதாம் தரம். தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு ஆளுக்கொரு நாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அல்ப்ஸ் மலைத்தொடரின் மேல் விரலை வைத்திருந்த ஒரு பையன் எழும்பிக் கேட்டான்: "ஸேர், இந்த மலைகளுக்கெல்லாம் பேரு வெச்சது யாரு? ஏறினவனா, கீழ நிண்டு பாத்தவனா?"

எனக்கு விடை தெரியவில்லை. "தேடிப் பாத்துட்டுச் சொல்றன்" என்று தப்பித்துக்கொண்டேன். பிறகு தேடத் தொடங்கியபோது ஒரு மலையிலும் அதைச் சுற்றியுள்ள சில சிகரங்களிலும் மாட்டுப்பட்டுப் போனேன். பையன் கேட்டது சின்னக் கேள்வியல்ல என்பது அப்போதுதான் விளங்கியது.

சுவிற்சர்லாந்தின் நடுப்பகுதியில் பேர்ன் அல்ப்ஸ் என்றொரு மலைக்கூட்டம் இருக்கிறது. உலகத்துக்குத் தெரிந்தவை அதன் முன்வரிசையில் நிற்கும் மூன்று மலைகள்: ஐகர் (3,967 மீற்றர்), மொன்ஷ் (4,110 மீற்றர்), யுங்ஃபிரௌ (4,158 மீற்றர்). தபாலட்டைகளிலும் நாட்காட்டிகளிலும் பார்ப்பது இவற்றைத்தான். 1912 ஆம் ஆண்டிலிருந்து ஐகரின் வயிற்றைக் குடைந்துகொண்டு ஒரு ரயில் 3,454 மீற்றர் உயரம் வரை போகிறது. காசிருந்தால் கைக்குழந்தையோடும் போய் வரலாம்.

அந்த மூன்றுக்கும் பின்னால், பனியாறுகளுக்கு நடுவே ஒதுங்கி நிற்கிறது ஃபின்ஸ்டராஹோர்ன். 4,274 மீற்றர். யுங்ஃபிரௌவை விட நூறு மீற்றருக்கு மேல் உயரம். பேர்ன் அல்ப்ஸ் முழுவதிலும் இதுவே உயர்ந்தது. ரயிலும் இல்லை, தொங்கு வண்டியும் இல்லை. 3,048 மீற்றரில் சுவிஸ் அல்ப்ஸ் கழகத்தின் தங்குகுடில் ஒன்று இருக்கிறது. அதை அடையவே மணிக்கணக்கில் பனியாற்றின் மேல் நடக்க வேண்டும். கூட்டத்தில் மூத்தவர் கடைசி வரிசையில் இருக்க, இளையவர்கள் முன்னால் நின்று படம் பிடித்துக்கொள்வதைப் போன்ற நிலைமை.

மலைகளை அளப்பவர்கள் இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறார்கள். ஒரு சிகரத்திலிருந்து புறப்பட்டு அதைவிட உயர்ந்த இன்னொரு சிகரத்துக்குப் போவதானால், இடையில் குறைந்தது எவ்வளவு தூரம் கீழே இறங்கியாக வேண்டும் என்பதே அது. பெரிய மலையொன்றின் தோளில் புடைத்து நிற்கும் முனைக்கு இந்தக் கணக்கில் சொற்ப மதிப்பெண்தான் கிடைக்கும். தனித்து நிற்கும் மலைக்கு நிறையக் கிடைக்கும். ஃபின்ஸ்டராஹோர்னிலிருந்து ஏறத்தாழ 2,280 மீற்றர் இறங்க வேண்டும். அல்ப்ஸ் முழுவதிலும் மொன் பிளாங்க், குரொஸ்குளொக்னர் ஆகிய இரண்டுக்கும் அடுத்த இடம் இதற்கு.

பெயருக்கு வருவோம். ஜேர்மன் மொழியில் 'ஃபின்ஸ்டர்' என்றால் இருண்ட. 'ஆரெ' அங்கு ஊற்றெடுக்கும் ஆறு. 'ஹோர்ன்' கொம்பு. மலைக்குக் கிழக்கே இரண்டு பனியாறுகள் ஓடி வந்து கலக்கின்றன. ஒன்று ஃபின்ஸ்டரார், இருண்ட ஆரெ. மற்றது லௌட்டரார், தெளிந்த ஆரெ. இரண்டும் சேர்ந்த பின் உன்டரார், அதாவது கீழ் ஆரெ. இருண்ட ஆற்றின் தலைமாட்டில் நிற்கும் கொம்பு ஃபின்ஸ்டராஹோர்ன். தெளிந்த ஆற்றின் தலைமாட்டில் நிற்பது லௌட்டராஹோர்ன். இதை வைத்தவர் இன்னார் என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. கீழே மாடு மேய்த்தவர்களும் ஆடு மேய்த்தவர்களும் வேட்டையாடியவர்களும் ஆற்றைப் பார்த்து மலைக்குப் பெயர் சொன்னார்கள். தமிழ் படித்தவனுக்கு இது மனதுக்கு மிக நெருக்கமானது. முல்லையும் குறிஞ்சியும் பூவின் பெயரால் நிலமானதும் இப்படித்தானே.

அந்த ஆரெ ஆறு பேர்ன் நகரைச் சுற்றிக்கொண்டு போய், ரைன் நதியோடு சேர்ந்து வட கடலில் விழுகிறது. மலையின் மறுபக்கத்தில் உருகும் நீரோ ஃபீஷர் பனியாறு வழியாக ரோன் நதிக்குப் போய் மத்தியதரைக் கடலில் சேர்கிறது. ஒரே முகட்டில் ஒரு சாண் தள்ளி விழுந்த இரண்டு பனித்துளிகள் இரண்டு வேறு கடல்களுக்குப் போகின்றன.

அயலில் நிற்பவற்றில் 4,000 மீற்றரைத் தாண்டியவை ஷ்ரெக்ஹோர்ன் (4,078), லௌட்டராஹோர்ன் (4,042), பெரிய ஃபீஷர்ஹோர்ன் (4,049), பெரிய குறூன்ஹோர்ன் (4,044) என்று வரிசையாக இருக்கின்றன. ஒன்றின் பெயரில் அச்சம், ஒன்றில் பச்சை, ஒன்றில் கீழேயுள்ள ஊரின் பெயர். எல்லாம் ஊர்ச்சனம் வைத்தவை. ஆனால் தேசப்படத்தை இன்னும் நெருங்கிப் பார்த்தால் வேறொரு சாதிப் பெயர்கள் தென்படத் தொடங்கும்: ஸ்டூடர்ஹோர்ன், ஷொய்க்சர்ஹோர்ன், குரூனர்ஹோர்ன், எஷர்ஹோர்ன், அகாசிஹோர்ன். இவை ஆட்களின் பெயர்கள். எல்லோரும் படித்தவர்கள், நிலத்தையும் பனியையும் ஆராய்ந்தவர்கள். ஷொய்க்சர் 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த சூரிச் அறிஞர். மலைகளில் பறவைநாகம் கண்டதாக மக்கள் சொன்ன கதைகளையும் ஒன்று விடாமல் எழுதி வைத்தவர். அவருக்கும் ஒரு சிகரம் கிடைத்திருக்கிறது.

பையன் கேட்ட கேள்வி இங்கேதான் சூடு பிடிக்கிறது.

ஃபின்ஸ்டராஹோர்னில் முதலில் கால் வைத்தவர் யார்? 1812 ஓகஸ்ட் 16 என்கிறது ஒரு தரப்பு. ஆராவ் நகரத்துப் பட்டுநாடா உற்பத்தியாளர் குடும்பமான மெயர் குடும்பத்தைச் சேர்ந்த ருடோல்ஃப் மெயர் வழிகாட்டிகளோடு ஏறினார். (அதற்கு முந்திய வருடம் யுங்ஃபிரௌவில் முதன்முதலில் ஏறியதும் அதே குடும்பந்தான்.) மெயர் இடைவழியில் நின்றுவிட்டார். ஆர்னோல்ட் அப்பூல், யோசெஃப் போர்ட்டிஸ், அலோய்ஸ் ஃபோல்கர் என்ற மூன்று வழிகாட்டிகள் தொடர்ந்து போனார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தது உண்மையான உச்சியா, அதற்கு முன்னாலுள்ள முனையா என்று இன்றும் வாதாடுகிறார்கள்.

விவாதமில்லாத ஏற்றம் 1829 ஓகஸ்ட் 10 இல் நடந்தது. அதை ஏற்பாடு செய்தவர் ஃபிரான்ஸ் யோசெஃப் ஹூகி. ஸோலோதுர்ன் நகரத்து ஆசிரியர். நம்மட தொழில்தான். மலைப் பைத்தியமும் பனியாற்றுப் பைத்தியமும் சேர்ந்த மனிதர். உச்சிக்குக் கீழே 4,088 மீற்றரில் குதிரைச் சேணம் போன்ற ஒரு பள்ளம் இருக்கிறது. ஹூகி அந்த இடத்தில் நின்றுகொண்டார். அவரோடு போன இரண்டு மலைவாசிகள், யாக்கோப் லொய்ட்ஹோல்டும் யொஹான் வேரனும், மிச்சமிருந்த 186 மீற்றரையும் ஏறி உச்சியைத் தொட்டார்கள்.

இன்றைக்குத் தேசப்படத்தில் அந்தச் சேணத்துக்கு 'ஹூகிஸாட்டல்' என்று பெயர். ஹூகியின் சேணம். அவர் நின்ற இடம். உச்சிக்குப் போனவர்களின் பெயர் மலையேற்ற வரலாறு படிப்பவர்களுக்குத் தெரியும். வழியில் நின்றவரின் பெயர் அந்த வழியால் போகும் எல்லோருக்கும் தெரியும். ஹூகியில் எனக்குக் கோபமில்லை. 'நான்தான் ஏறினேன்' என்று அவர் பொய் சொல்லவில்லை. எழுதத் தெரிந்தவர் எழுதினார், எழுத்து பெயரைக் காப்பாற்றியது, அவ்வளவுதான்.

லொய்ட்ஹோல்டைக் கொஞ்சம் பின்தொடர்ந்து பாருங்கள். ஹஸ்லி பள்ளத்தாக்குக்காரர். 1829 இல் ஃபின்ஸ்டராஹோர்ன். 1841 இல் ஓர் ஆராய்ச்சியாளர் குழுவை யுங்ஃபிரௌவின் உச்சிக்குக் கூட்டிப் போனார். 1842 இல் லௌட்டராஹோர்னின் முதல் ஏற்றம்; கூட வந்த அறிஞர்கள் தாங்கள் ஏறியது ஷ்ரெக்ஹோர்ன் என்று நினைத்தார்கள், பக்கத்து மலை தங்களைவிட உயர்ந்து நிற்பதை உச்சிக்குப் போன பின்தான் கண்டார்கள். அந்த அறிஞர் குழுவின் தலைவர்தான் நமது கதையின் முக்கிய ஆள்: லூயி அகாசி.

அகாசி 1807 இல் சுவிற்சர்லாந்தில் பிறந்தவர். நியூஷாட்டல் நகரில் பேராசிரியர். புதைபடிவ மீன்களை ஆராய்ந்து இளவயதிலேயே பெயர் வாங்கியவர். 1837 ஜூலையில் சுவிஸ் இயற்கை விஞ்ஞானக் கழகக் கூட்டத்தில் மீனைப் பற்றிப் பேசுவார் என்று எல்லோரும் காத்திருக்க, அவர் எழுந்து பனியைப் பற்றிப் பேசினார். ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரும் பகுதியைப் பனிப்பாளம் மூடியிருந்தது, மலையிலிருந்து வெகுதூரத்தில் அநாதையாகக் கிடக்கும் பெரும் பாறைகளை அங்கே கொண்டு போய் வைத்தது வெள்ளமல்ல, பனி, என்றார். சபை கொதித்தது.

அவர் சொன்னது சரி. ஆனால் அந்த யோசனை அவருடைய தலையில் பிறந்ததல்ல. வாலே மாநிலத்தின் பாஞ் பள்ளத்தாக்கில் பெரோடன் என்ற மலையாட்டு வேட்டைக்காரர் இருந்தார். பாறைகளில் உள்ள கீறல்களைப் பார்த்து, இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு காலத்தில் பனியாறு நிறைந்திருந்திருக்க வேண்டும் என்று அவர் 1815 அளவிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். அதை முதலில் நம்பாத ஷார்ப்பாந்தியே என்ற சுரங்கப் பொறியியலாளர், இன்னொரு பொறியியலாளரான வெனெட்ஸின் ஆராய்ச்சியைப் பார்த்த பிறகு நம்பினார். ஷார்ப்பாந்தியே காட்டிய பிறகுதான் அகாசி நம்பினார். 'பனியுகம்' என்ற சொல்லை உருவாக்கியவர் அகாசியின் நண்பர் கார்ல் ஷிம்பர். ஷார்ப்பாந்தியே பல வருடம் உழைத்து எழுதிய புத்தகம் 1841 இல் வெளிவந்தது. அகாசியின் புத்தகம் 1840 இலேயே வந்துவிட்டது. வேட்டைக்காரரிடமிருந்து பொறியியலாளருக்கு, அவரிடமிருந்து பேராசிரியருக்கு என்று கைமாறிய ஒரு யோசனை கடைசியில் பேராசிரியரின் பெயரில் பதிந்தது. ஹூகிஸாட்டலில் நடந்ததுதான் புத்தகத்திலும் நடந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஹூகியின் அடக்கம் இங்கே இல்லை.

இருந்தாலும் அகாசியின் உழைப்பைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 1840 இல் அவரும் தோழர்களும் உன்டரார் பனியாற்றின் நடுவில், பனி சுமந்து வந்த ஒரு பெரும் பாறையின் அடியில் குடியேறினார்கள். கல்லைக் கூரையாக வைத்து, பக்கத்தில் சுவர் எழுப்பி, அதற்கு வேடிக்கையாக 'நியூஷாட்டல்காரரின் ஹோட்டல்' என்று பெயரும் வைத்தார்கள். அங்கிருந்துதான் பனி எப்படி நகர்கிறது என்று அளந்தார்கள். அவர்களுக்கு ஒரு நல்ல அத்தாட்சி ஏற்கெனவே கிடைத்திருந்தது. நமது ஹூகி ஆசிரியர் 1827 இல் அதே பனியாற்றின் மேல் ஒரு குடிசை கட்டியிருந்தார். கட்டிய இடத்தில் அது இருக்கவில்லை. பத்துப் பதினைந்து வருடத்துக்குள் ஒரு கிலோமீற்றருக்கு மேல் கீழே போயிருந்தது. வீடு நடக்கவில்லை, வீட்டைச் சுமந்துகொண்டு நிலமே நடந்திருக்கிறது.

அகாசி குழு பனியாற்றின் குறுக்கே ஒரே நேர்கோட்டில் கம்புகளை நட்டது. அடுத்த வருடம் வந்து பார்த்தால் கோடு வளைந்து கிடந்தது. நடுவில் நட்டவை முன்னே போயிருந்தன, கரையோரம் நட்டவை பின்தங்கியிருந்தன. ஆற்று நீரைப் போலவே பனியும் நடுவில் விரைந்தும் ஓரத்தில் உரசித் தாமதித்தும் ஓடுகிறது என்பது இப்படித்தான் உறுதியாயிற்று. பனிக்குள் உள்ள கிணறு போன்ற குழியொன்றில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அகாசி தானே இறங்கியும் பார்த்தார். துணிச்சல்காரர், சந்தேகமில்லை. அவர்களுடைய 'ஹோட்டல்' சில வருடங்களில் பிளந்து உடைந்து, துண்டு துண்டாகப் பனியோடு போய்விட்டது.

அந்தக் காலத்தில்தான் சுற்றியிருந்த சிகரங்களுக்கு அறிஞர்களின் பெயர்கள் விழுந்தன. ஃபின்ஸ்டராஹோர்னுக்கு வடமேற்கே தோளோடு தோள் நிற்கும் 3,946 மீற்றர் சிகரம் 'அகாசிஹோர்ன்' ஆயிற்று. கிரிண்டெல்வால்ட், குட்டானன், ஃபீஷர்டால் ஆகிய மூன்று ஊர்களின் எல்லைகள் அந்தச் சிகரத்தில் சந்திக்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இடையில் இன்னொரு பெயரையும் சொல்லாமல் போக முடியாது. 1902 இல் ஃபின்ஸ்டராஹோர்னின் செங்குத்தான வடகிழக்கு முகத்தால் ஏறப் பார்த்தார் ஓர் ஆங்கிலேயப் பெண். புயலும் மின்னலும் பனிமழையும் பிடித்துக்கொள்ள, உச்சியை எட்டாமல் திரும்ப வேண்டி வந்தது. ஐம்பது மணித்தியாலத்துக்கு மேல் கயிற்றில் பிணைந்தபடி, உலுரிச் ஃபூரர், ஹைன்றிச் ஃபூரர் என்ற இரண்டு வழிகாட்டிகளோடு உயிர் தப்பி இறங்கினார். விரல்கள் பனியால் கருகியிருந்தன. அவர்தான் ஜேர்ட்ரூட் பெல். முதலாம் உலகப் போருக்குப் பிறகு ஈராக்கின் எல்லைகளைக் கோடு போட்டதிலும், ஃபைஸலை அங்கே அரசராக்கியதிலும் கை வைத்த அதே பெல். அயலிலுள்ள எங்கெல்ஹோர்ன் மலைக்கூட்டத்தில் 'கேர்ட்ரூட்ஸ்பிட்ஸ' என்றொரு முனை இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. பக்தாதைப் பற்றிப் படிக்கும்போது மட்டும் அவரைச் சந்தித்துப் பழகிய எனக்கு, இந்தப் பனிக்குள்ளும் அவர் எதிர்ப்பட்டது வியப்பாக இருந்தது.

அகாசியிடம் திரும்புவோம். 1846 இல் அவர் அமெரிக்காவுக்குப் போனார். அடுத்த வருடம் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். நாடே கொண்டாடிய விஞ்ஞானியானார். கலிபோர்னியா, யூட்டா, அரிசோனா மாநிலங்களிலும் அவர் பெயரில் மலைகள் இருக்கின்றன. போன முதல் மாதங்களிலேயே, ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் தனக்குப் பரிமாறிய கறுப்பினத்தவரைப் பார்த்துத் தனக்கு ஏற்பட்ட அருவருப்பைத் தாய்க்குக் கடிதமாக எழுதினார். வெறுப்பு அதோடு நிற்கவில்லை. விஞ்ஞானமாக உடுப்பு மாற்றிக்கொண்டது. மனித இனங்கள் எல்லாம் ஒரே தோற்றம் கொண்டவையல்ல, வெவ்வேறு பிரதேசங்களில் வெவ்வேறாகப் படைக்கப்பட்டவை என்று எழுதினார். வேதத்தில் வரும் ஆதமின் கதை வெள்ளையரின் கதை மட்டுமே என்றும் வாதித்தார்.

ஆதம் (அலை) அவர்களின் மக்கள் என்று மனிதர் எல்லோரையும் சொல்லிப் பழகிய நமக்கு இந்த வரி சுடும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அகாசி டார்வினைக் கடைசி வரை எதிர்த்தவர். படைப்பில் நம்பிக்கையுள்ளவர். டார்வினை எதிர்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் நம்மட ஆள் என்று தோளில் தூக்குவதற்கு முன், அவருடைய மிச்சக் கணக்கையும் பார்த்துக்கொள்வது நல்லது.

1850 மார்ச் மாதம் தென் கரோலினாவின் கொலம்பியா நகருக்கு அகாசி போனார். தோட்டங்களில் அடிமைகளாக இருந்த ஆபிரிக்கரையும் அவர்களின் பிள்ளைகளையும் பார்த்துச் சிலரைத் தெரிந்தெடுத்தார். ஜே.ரீ. ஸீலி என்ற புகைப்படக்காரர் அவர்களைப் படம் பிடித்தார். வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் எடுக்கும் அந்தக் காலத்துப் படம். ஏழு பேர், பதினைந்து தகடுகள். முழுதாகவோ அரைகுறையாகவோ உடை களையப்பட்டு, முன்னால் இருந்தும் பக்கவாட்டிலும் நிறுத்தி எடுத்தவை. கறுப்பினத்தவர் வேறு படைப்பு என்பதற்கு அத்தாட்சியாம். ரென்டி, அவருடைய மகள் டீலியா, ஜெக், அவருடைய மகள் டிரானா, இன்னும் அல்ஃபிரட், ஃபஸீனா, ஜெம். தகப்பனையும் மகளையும் ஒரே அறையில் அப்படி நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். இதை வாசித்த இரவு வேறொன்றும் வாசிக்க முடியவில்லை.

தகடுகள் ஹாவர்ட்டின் பீபொடி அருங்காட்சியகத்தில் யாரும் தேடாமல் கிடந்து, 1976 இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன.

இது எங்கேயோ அமெரிக்காவில் நடந்தது என்று இலங்கை வாசகர் ஒதுங்கிவிட வேண்டாம். அகாசியின் நாட்டிலிருந்து, பாசல் நகரத்தைச் சேர்ந்த போல் ஸரஸின், ஃபிரிட்ஸ் ஸரஸின் என்ற இரு உறவினர்கள் 1883 இல் இந்தத் தீவுக்கு வந்தார்கள். வேடர் சமூகத்தவரை அளந்தார்கள், படம் பிடித்தார்கள், மண்டையோடுகளையும் எலும்புகளையும் சேகரித்துப் பாசலுக்குக் கொண்டு போனார்கள். மனிதரின் ஆதிநிலைக்கு நெருக்கமானவர்கள் என்று வேடரைப் பற்றிப் பெரிய நூலும் எழுதினார்கள். இவர்கள் டார்வினை ஏற்றுக்கொண்டவர்கள். அளவுகோலைப் பிடித்த கை எந்தக் கட்சியில் இருந்தாலும், அளக்கப்பட்டவருக்குக் கிடைத்த மரியாதை ஒன்றுதான்.

2007 இல், அகாசி பிறந்து இருநூறு வருடம் நிறைவதையொட்டிச் சுவிற்சர்லாந்தில் ஒரு சர்ச்சை எழுந்தது. ஹான்ஸ் ஃபெஸ்லர் என்ற வரலாற்றாசிரியர் முன்னின்று ஒரு கோரிக்கையை வைத்தார்: அகாசிஹோர்ன் என்ற பெயரை எடுங்கள், அந்தச் சிகரத்துக்கு 'ரென்டிஹோர்ன்' என்று பெயர் வையுங்கள். விடயம் பாராளுமன்றம் வரை போயிற்று. அகாசியின் இனவாதச் சிந்தனையைக் கண்டிப்பதாக மத்திய அரசாங்கம் சொன்னது. பெயரை மாற்ற மட்டும் உடன்படவில்லை. எல்லை தொடும் ஊர்கள் மூன்று என்று மேலே சொன்னேன் அல்லவா? அந்த மூன்று ஊர்ச் சபைகளும் மறுத்துவிட்டன. 2008 இல் ஹெயிற்றிய வேர்களையுடைய சாஷா ஹூபர் என்ற சுவிஸ் கலைஞர் ஹெலிகொப்டரில் போய் அந்தச் சிகரத்தில் இறங்கி, 'ரென்டிஹோர்ன்' என்று எழுதிய தகடொன்றை நட்டார். ரென்டியைப் பிடித்ததும் தகட்டில்தான். இது வேறு தகடு.

மறுத்தவர்கள் சொன்ன நியாயத்தையும் கேட்க வேண்டும். பனியாற்று ஆராய்ச்சிக்காகத்தான் அந்த மரியாதை கொடுக்கப்பட்டது, இனவாதத்துக்காக அல்ல என்றார்கள். உண்மை. பெயர் விழுந்த நேரத்தில் அவர் அமெரிக்காவின் பக்கமே போயிருக்கவில்லை. இடப்பெயர்களைச் சும்மா சும்மா மாற்றக் கூடாது என்றார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. மலையேறுபவன் வழி தவறினால் உயிர் போகும்; தேசப்படத்தில் பெயர் ஒழுங்காக இருக்க வேண்டும்.

ஆனால் சுவிற்சர்லாந்து மலைப் பெயரை மாற்றாத நாடல்ல. நாட்டின் மிக உயர்ந்த முனைக்கு முன்பு 'ஹோக்ஸ்ட் ஸ்பிட்ஸ' என்று பெயர், மிக உயர்ந்த முனை என்று அர்த்தம். 1863 இல் அரசாங்கமே தீர்மானம் எடுத்து, நாட்டின் தேசப்படத்தை வரைவித்த தளபதி டூஃபூரின் பெயரை அதற்கு வைத்தது. அதற்குப் பக்கத்து முனை 'கிழக்கு முனை' என்றிருந்தது. 2014 இல் அது செஞ்சிலுவைச் சங்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஹென்றி டுனாந்தின் பெயருக்கு மாறியது. மனம் இருந்தால் மாற்றலாம் என்பதற்கு இவை இரண்டும் போதும்.

டுனாந்தின் கதையிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. 1859 இல் அவர் ஸோல்ஃபெரினோ போர்க்களத்துக்குப் போய்ச் சேர்ந்ததே, பிரான்ஸ் பிடித்து வைத்திருந்த அல்ஜீரியாவில் தன் ஆலைக் கம்பனிக்கு நிலமும் நீரும் கேட்டு மூன்றாம் நெப்போலியனைச் சந்திக்கத்தான். போகிற வழியில் காயப்பட்டவர்களைக் கண்டார், மனம் மாறியது, உலகத்துக்கு நன்மை நடந்தது. ஆனால் அந்த நிலமும் நீரும் அல்ஜீரிய முஸ்லிம்களிடமிருந்து பறித்தவை. ஆளின் பெயரை மலைக்கு வைக்கத் தொடங்கினால் இந்தத் தொல்லை தீராது. ஆற்றின் பெயரை வைத்த மேய்ப்பர்கள் கெட்டிக்காரர்கள்.

என்னைக் கேட்டால் அகாசிஹோர்ன் என்ற பெயர் போகத்தான் வேண்டும். கம்பு நட்டுப் பனியை அளந்தவர் என்ற இடம் அவருக்குப் புத்தகங்களில் இருக்கிறது, இருக்கட்டும். அதை யாரும் அழிக்கவில்லை. மலைக்கு வைத்த பெயர் நண்பர் கூட்டம் கொடுத்த பரிசு. பரிசைத் திருப்பி வாங்குவது வரலாற்றை அழிப்பதாகாது. 'ரென்டிஹோர்ன்' என்பதில் எனக்கு ஒரு சின்னத் தயக்கம் இருக்கிறது. அந்த மனிதரைக் கேட்காமல் படம் பிடித்தார்கள். இப்போது கேட்காமல் பனிமலைக்குப் பெயராக்குகிறோம். இருந்தும், அகாசியின் பெயர் நிற்கிற அதே இடத்தில் வேறெந்தப் பெயருக்கு இவ்வளவு உரிமை இருக்கிறது?

நியூஷாட்டல் நகரம் ஊர்ச் சபைகளுக்கு முந்திக்கொண்டது. பல்கலைக்கழகத்தருகே அகாசியின் பெயரிலிருந்த சதுக்கத்துக்கு 2019 இல் டீலோ ஃபிரேயின் பெயரை வைத்தது. கமரூனில் பிறந்த, ஆபிரிக்கத் தாயின் மகள். 1971 இல் சுவிஸ் பாராளுமன்றத்துக்கு முதன்முதலாகத் தெரிவான பெண்களில் ஒருவர். அதே 2019 இல், ரென்டி தன் மூதாதை என்று சொல்லும் டமாரா லெனியர் அந்தப் படங்களைக் கேட்டு ஹாவர்ட்டுக்கு எதிராக வழக்குப் போட்டார். ஆறு வருடம் இழுபட்டு 2025 இல் இணக்கம் வந்தது. தகடுகளை ஹாவர்ட் விட்டுக்கொடுத்தது. ரென்டி அடிமையாக வாழ்ந்த தென் கரோலினாவிலேயே, சார்ள்ஸ்ரனிலுள்ள சர்வதேச ஆபிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்கு அவை போவதென்று முடிவாயிற்று. மலையின் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

அடுத்த முறை பதில் பாடவேளைக்குப் போனபோது இந்தக் கதையைச் சுருக்கி அந்த வகுப்புக்குச் சொன்னேன். கரும்பலகையில் மலையின் படத்தைக் கீறி, ஹூகி நின்ற இடத்தையும் லொய்ட்ஹோல்ட் போன இடத்தையும் புள்ளி வைத்துக் காட்டினேன். பெயர்களைப் பையன்கள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். கேள்வி கேட்ட பையன் ரென்டியின் பெயருக்கு வந்ததும் பேனையை நிறுத்தினான்.

"ஸேர், ரென்டிட முழுப் பேரு என்ன?"

படத்தோடு வைத்த குறிப்பில் மூன்று விடயங்கள்தான் எழுதியிருக்கின்றன என்றேன். ரென்டி என்ற பெயர். கொங்கோ என்ற பிறந்த நாடு. அவரை வைத்திருந்த தோட்டத்துரையின் பெயர்.

"தோட்டக்காரன்ட பேர நான் எழுதல்ல ஸேர்" என்று சொல்லிவிட்டு, மற்ற இரண்டையும் எழுதினான்.